கீழ்ப்பாதியை எறிய வேண்டும்

1

ஞாயிறு காலை எட்டரைக்குத் தொட்டியின் விளக்கைப் போடுவேன். செடிகள் இலை விரிக்க அரை மணித்தியாலம் விட்டு, ஒன்பது மணிக்குப் படம் எடுத்து மெல்பேர்ணுக்கு அனுப்புவேன். அங்கே அப்போது மாலை. படம் போய்ச் சேர்ந்து ஐந்து பத்து நிமிடத்தில் மகள் டிலானி ட்ராமில் இருந்து அழைப்பாள். படம் போகாவிட்டால் அழைப்பும் பிந்தும். இதை நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை, அப்படியே வந்துவிட்டது.

அவளுடைய முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"அப்பா, ரொட்டாலா எப்பிடி இருக்கு?"

ரொட்டாலா ஒரு செடியின் பெயர். அப்பா எப்படி இருக்கிறார் என்பது மூன்றாவதோ நாலாவதோ கேள்வியாக வரும். சில கிழமைகளில் அதற்குள் அவள் ட்ராமை விட்டு இறங்கவேண்டிய இடம் வந்துவிடும். முகம் பார்த்துக் கதைக்கிற வழக்கம் முதல் இரண்டு மூன்று மாதத்தோடு நின்றுபோனது. ட்ராமில் இணையம் விட்டுவிட்டு வருமாம், குரல் மட்டும் போதும் என்றாள். அவள் தன் படங்களைப் போடுகிற இடங்களில் நான் இல்லை. எனக்கு அவை விளங்குவதும் இல்லை.

அவள் இந்த வீட்டை விட்டுப் போய் போன ஞாயிறோடு இரண்டு வருடம். அவளுடைய தாய் ஜசிந்தா இறந்து ஏழு வருடம். ஹொலண்டில், கண்ணாடிக் கூடாரங்களுக்குள் தக்காளி விளைகிற ஒரு ஊரில், மூன்று அறை வீடொன்றில் நானும் அவள் விட்டுப்போன ஐந்தடி நீளத் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறோம். கிழமையில் நாலு நாள் தக்காளிக்குப் போகிறேன். மற்ற மூன்று நாளும் தொட்டிக்கு.

டிலானியின் தமிழ் அவளுடைய தாயோடு நின்றுபோன தமிழ். சாப்பாடு, ஏச்சு, கோயில், அலுமாரிக்குள் எது எங்கே இருக்கிறது, அவ்வளவுதான். என்னுடைய டச்சும் அப்படித்தான்: தக்காளி, கிழமை நாட்கள், டொக்டரிடம் சொல்லவேண்டிய நோவுகள். இரண்டுக்கும் நடுவில் மனதில் உள்ளதைச் சொல்ல எங்களிடம் மொழி இல்லை. ஆனால் செடிகளின் பெயர்கள் லத்தீனில் இருக்கின்றன. அதில் அவளும் நானும் சரிசமம். ரொட்டாலா, லொபீலியா, லிம்னோபிலா என்று இருபது நிமிடம் தங்குதடையில்லாமல் கதைப்போம். இந்தத் தொட்டிக் கதை நின்றால் ஞாயிற்றுக்கிழமை அழைப்பும் நின்றுவிடும் என்பதுதான் என் பயம். அந்தப் பயத்தில் நான் செய்த காரியத்தை எழுதத்தான் இந்தக் குறிப்பு.

2

தொட்டி என்றதும் ஊரில் இருக்கும் நீங்கள் கல்யாண மண்டபத்து வாசலில் தங்கமீன் சுற்றுகிற கண்ணாடிப் பெட்டியை நினைப்பீர்கள். இது அதுவல்ல. இதில் கல் இல்லை, மரக்கட்டை இல்லை, வாயைத் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலை இல்லை. மீன்கூட ஒப்புக்குத்தான். முழுக்க முழுக்கச் செடி. ஒல்லாந்து முறை என்று இதற்குப் பெயர். நான் பிறந்தது திருகோணமலையில் டச்பே கடற்கரைக்குப் பக்கத்தில். டச்சுக்காரன் எங்களுக்கு ஒரு கோட்டையையும் அலுவலகத்துக்குக் கந்தோர் என்ற சொல்லையும் விட்டுப்போனான். நான் அவனுடைய நாட்டுக்கு வந்து அவனுடைய முறைப்படி செடி வெட்டுகிறேன். கொடுக்கல் வாங்கல் சரி.

இந்த முறையில் சட்டதிட்டம் நிறைய. ஒரு வகைச் செடி ஒரே கூட்டமாக நிற்கவேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கூட்டங்களின் இலை ஒரே மாதிரி இருக்கக்கூடாது. சிவப்பு ஓரிரு இடத்தில் மட்டும். முன்னால் கட்டை, பின்னால் நெட்டை. ஒரு கூட்டத்துக்குள்ளேயே முன்வரிசை பதிந்தும் பின்வரிசை உயர்ந்தும் படி படியாக வெட்டியிருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தெரு. முன் கண்ணாடியில் அகலமாகத் தொடங்கி, சரிந்து, ஒடுங்கி, பின்னால் போய் மறைகிற ஒரு வரிசை. அது கண்ணை உள்ளே கூட்டிக்கொண்டு போகும். ஒன்றரை அடி அகலத் தொட்டி ஒரு வளவு அளவுக்குத் தெரியும். டிலானி தன் தெருவை லொபீலியாவால் போட்டிருந்தாள்.

வெட்டுவதற்கு நீண்ட வளைந்த கத்தரிக்கோல், நடுவதற்குத் தண்டை இடுக்கிப் பிடிக்கிற முழங்கை நீளச் சாமணம். செடி மேலே எட்டியதும் பாதியில் வெட்டவேண்டும். அதுவரை யாரும் செய்வார்கள். அதற்குப் பிறகுதான் விடயம் இருக்கிறது. வெட்டி எடுத்த மேல்பாதியைத்தான் திரும்ப நடவேண்டும். வேரோடு நிற்கிற கீழ்ப்பாதியைப் பிடுங்கி எறியவேண்டும். மேல்பாதி இளசு, நட்ட இடத்தில் புதிதாக வேர் விடும். கீழ்ப்பாதி நாளாக ஆக இலை கொட்டி, வெறும் தண்டாகி, அழுகும். டிலானி போவதற்கு முன் இதை ஒரு தாளில் எழுதி, தொட்டிக்குக் கீழே உள்ள அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினாள். ஆங்கில எழுத்தில் எழுதின தமிழ். மேல்பாதியை நடுங்கோ, கீழ்ப்பாதியை எறியுங்கோ. எறியுங்கோ என்பதன் கீழே இரண்டு கோடு.

கந்தளாயில் என் பெரியம்மா வீட்டாருக்கு வயல் இருந்தது. பள்ளிக்கூட விடுமுறைக்குப் போனால் வாய்க்காலுக்குள் இறக்கிக் களை பிடுங்க விடுவார்கள். பெரியம்மாவின் மகன் சேவியருக்கு ஒருமுறை இந்தத் தொட்டியின் படத்தை அனுப்பினேன். குரலில் பதில் வந்தது.

"மச்சான், நீ எங்கடை வாய்க்காலுக்கை புடுங்கி எறிஞ்ச சாமானெல்லே உது? உதுக்குப் போய் லைட்டும் காஸும் குடுக்கிறியோ? இஞ்சை வா, ஒரு உழவு மெசின் பெட்டி நிறைய ஏத்தி விடுறன்."

அவன் சொன்னது பொய்யில்லை. லிம்னோபிலாவும் ரொட்டாலாவும் எங்கள் பக்கத்து வயல்களில் களைதான். பெயர் தெரியாமல் பாசி என்றோ பூண்டு என்றோ சொல்லி வரம்பில் வீசினோம். இங்கே அதற்குக் கரியமிலவாயு ஏற்றி, இரும்புச்சத்து மருந்து சொட்டுச் சொட்டாக விடுகிறேன். அந்தக் குரலை நாலைந்து தரம் போட்டுக் கேட்டேன். வீட்டில் வேறொரு ஆளின் சத்தம் கேட்க நன்றாக இருந்தது.

3

எறி என்றால் எறியவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். என்னால் முடியவில்லை.

எங்கள் வீட்டு வளவில் எதை நட்டாலும் கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து தின்னும். கீரை, செவ்வரத்தை, கத்தரி, எதுவும் மிஞ்சாது. மானை அடிக்கக் கூடாது, ஏசலாம். அம்மா வாசலில் நின்று ஏசுவாள், மான் கேட்டுக்கொண்டே தின்னும். மானுக்கு எட்டாமல் உயர்ந்தது முருங்கை ஒன்றுதான். அதனால் எங்களுக்குத் தப்பிப் பிழைத்த பச்சை எதுவானாலும் பெரிது. காற்றுக்கு ஒரு முருங்கைக் கொப்பு முறிந்தால் அதை எறிந்ததை நான் கண்டதில்லை. வேலியோரம் நிலத்தில் குத்தி, மேலே சாணம் அப்பி விடுவோம். எங்களுக்கு இடமில்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டு வாங்கிப் போவார். அப்படி வளர்ந்தவனிடம் ஒரு தாளில் இரண்டு கோடு போட்டு எறி என்றால் கை எப்படி வரும்?

வெட்டின மேல்பாதிகளில் கொஞ்சத்தை நட்டேன். மிச்சத்தை ஐஸ்கிறீம் பெட்டிகளில் தண்ணீர் விட்டுப் போட்டு வைத்தேன். நம்மவர் வீடுகளில் ஐஸ்கிறீம் பெட்டிக்குப் பஞ்சமில்லை. முதலில் குசினி ஜன்னலில் மூன்று பெட்டி. பிறகு குளியலறையில். பிறகு டிலானியின் அறையில், அவள் படித்த மேசையில், வரிசையாக. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு.

கீழ்ப்பாதிகளை நான் பிடுங்கவே இல்லை. அதற்குக் காரணம் முருங்கை இல்லை. போவதற்கு முதற் கிழமை அவள் தொட்டி முழுவதையும் புதிதாக நட்டாள். சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டி, தோள் வரை தண்ணீருக்குள் விட்டு, சாமணத்தால் ஒவ்வொரு தண்டாக. மூன்று மணித்தியாலம். நான் கதிரையில் இருந்து தண்டுகளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். இருவரும் அதிகம் கதைக்கவில்லை, ஆனால் எனக்கு அது நல்ல நாள். அவள் கையால் நட்டது என்று இந்த வீட்டில் உயிரோடு நின்றவை அந்தக் கீழ்ப்பாதிகள் மட்டும்தான். அவற்றைப் பிடுங்கிக் குப்பைப் பெட்டிக்குள் போட நான் ஆயத்தமாக இல்லை.

"கீழ்ப்பாதி எறிஞ்சீங்களோ?" என்று அவள் முதல் மாதமே கேட்டாள்.

"ஓம், எறிஞ்சிட்டன்" என்றேன்.

4

எங்கள் ஊரில் தொட்டிக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கூட அறையொன்றில் கூடுவார்கள். பத்துப் பேர், எல்லாரும் என் வயது அல்லது அதற்கு மேல். டிலானிதான் முதலில் என்னைக் கூட்டிப்போனாள். இப்போது நான் தனியே போகிறேன். ஒருநாள் எட்டு ஐஸ்கிறீம் பெட்டிகளைப் பையில் அடுக்கிக்கொண்டு போனேன். வீட்டில் இடமில்லை, யாராவது கேட்டு வாங்குவார்கள் என்று நினைத்தேன்.

சங்கத்தில் ஹென்க் என்று ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. பெட்டிகளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. முன்பு இரண்டு தரம் நான் அதே பெட்டிகளில் சாப்பிட ரோல்ஸ் கொண்டு போயிருந்தேன். மூடியைத் திறந்து பார்த்தார்.

"இன்றைக்கு ரோல்ஸ் இல்லையா?"

"செடி. உங்களுக்கு வேண்டுமென்றால் எடுங்கள்."

அவர் மூடியை மெதுவாக மூடினார். "அருள், இந்த அறையில் உள்ள எல்லாரும் கிழமைக்கு ஒரு வாளி எறிகிறோம். யாருக்கும் தேவையில்லை. நீங்களும் எறியுங்கள்." பிறகு, "அடித்தண்டுகளை எடுக்கிறீர்களா? மேலே மட்டும் வெட்டினால் ஒருநாள் எல்லாம் சேர்ந்து மண்ணை விட்டுக் கிளம்பும். நான் ஒருதரம் வந்து பார்க்கட்டுமா?" என்றார்.

வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள், பிறகு சொல்கிறேன் என்றேன். வீட்டுக்குப் பெயின்ற் அடித்துப் பதினைந்து வருடம். எட்டுப் பெட்டிகளையும் திரும்பத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். என்ன மனிதர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள் என்று வழி முழுவதும் கோபம். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்திருந்ததால் கோபம் கூடுதலாக இருந்தது.

5

நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த முகவரியில் டிலானி பதிவாகியிருக்கிறார், ஆனால் அவர் வெளிநாட்டில் வசிப்பதாக அறிகிறோம், இன்னமும் இங்கே வசிக்கிறாரா, பொருத்தமான கட்டத்தில் அடையாளம் இடவும். இரண்டே கட்டம். நான் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்தேன். இரண்டாவது கடிதம் வந்தது, அதையும் வைத்தேன். மூன்றாவதில் நேரில் வரச் சொல்லி நாளும் நேரமும் போட்டிருந்தார்கள்.

கந்தோரில் இருந்தவன் டிலானியின் வயதுப் பொடியன், நல்ல மரியாதைக்காரன். "உங்கள் மகள் இந்த முகவரியில் வசிக்கிறாரா?" என்று கேட்டான்.

"அவளுடைய தொட்டி இருக்கிறது" என்றேன். டச்சில் நான் சொன்னது அவனுக்கு விளங்கியது. ஆனால் அவனுடைய திரையில் தொட்டிக்குக் கட்டம் இல்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு தாளை அச்சடித்துத் தந்தான். வீட்டில் வசிப்போர்: ஒருவர். கீழே கையெழுத்து வைக்கச் சொன்னான்.

நான் இந்த நாட்டுக்கு வந்த பிறகு பதினொரு வருடம் ஊரில் அப்பா என் பெயரை வாக்காளர் இடாப்பில் இருந்து வெட்ட விடவில்லை. கிராம சேவகர் வருடா வருடம் படிவத்தோடு வருவார். "மகன் கொழும்பிலை வேலை, லீவிலை வருவான்" என்று அப்பா சொல்லுவார். நான் எங்கே என்று கிராம சேவகருக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். அவர் அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு என் பெயரையும் எழுதிக்கொண்டு போவாராம். எனக்கு அப்பாவின் துணிச்சல் இல்லை. பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தேன்.

வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது அழுகை வந்தது. ஜசிந்தா செத்தபோதும் டிலானி விமானம் ஏறினபோதும் ஆட்கள் பக்கத்தில் இருந்தார்கள். இதற்கு ஒருவரும் இல்லை.

6

இந்தக் குளிர்காலத்தில் ஹென்க் சொன்னது நடந்தது. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால் ரொட்டாலாக் கூட்டம் முழுவதும் தண்ணீரின் மேலே மிதக்கிறது. அடித்தண்டுகள் மண்ணுக்குச் சற்று மேலே அழுகி, கறுத்து, ஒரே நாளில் விட்டுப்போயிருந்தன; நடுவில் நான் நட்ட மேல்பாதிகளும் அவற்றோடு அழுகிக் கழன்றிருந்தன. லிம்னோபிலா தொட்டவுடன் கையோடு வந்தது. தெருவில் அங்கொன்று இங்கொன்றாக லொபீலியா, அதன் மேலும் பச்சைப் பாசி நூல் நூலாக. தண்ணீரில் சேற்று மணம். சோறு வடிக்கிற வடிதட்டால் அள்ளி அள்ளி இரண்டு வாளி நிரப்பினேன். கிட்டத்தட்ட இரண்டு வருடமாக எறியமாட்டேன் என்று வைத்திருந்ததை இரண்டு மணித்தியாலத்தில் எறிந்தேன்.

சரி, ஐஸ்கிறீம் பெட்டிகளில் இருக்கிறதே என்று ஓடினேன். ஜன்னல் வெளிச்சம் போதாமல் அதுவும் வெளிறி, முடி முடியாக நின்றது. நடுவதற்கு ஒரு பிடிகூடத் தேறவில்லை.

மறுநாள் ஞாயிறு. எட்டரைக்கு விளக்கைப் போட்டேன். வெறும் மண்ணின் மேல் வெளிச்சம் விழுந்தது, மீன்கள் ஒளிக்க இடமில்லாமல் ஒரு மூலையில் நின்றன. ஒன்பது மணி ஆகிக்கொண்டிருந்தது. போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டு போனேன். புரட்டாசியில் எடுத்து அனுப்பாமல் விட்ட படங்கள் கிடந்தன. ரொட்டாலா சிவந்து, தெரு நேராக, ஒரு குறையும் சொல்ல முடியாத தொட்டி. அதில் ஒன்றை அனுப்பினேன்.

"வடிவா இருக்கு அப்பா" என்றாள்.

மூச்சு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. அடுத்த கிழமை அதே நாள் எடுத்த இன்னொரு படம், இடது பக்கம் கொஞ்சம் வெட்டி. அதற்கடுத்த கிழமை வலது பக்கம் வெட்டி. இப்படி ஆறு ஞாயிறு போனது.

இந்த வித்தை எனக்குப் புதிதில்லை. வந்த முதல் வருடங்களில் நான் ஊருக்கு எழுதின கடிதங்கள் எல்லாம் இதே சாதிதான். தக்காளிக் கூடாரத்துக்குள் நின்றுகொண்டு, கந்தோரில் கணக்கு எழுதுகிறேன் என்று எழுதினேன். கூட இருந்த ஒருவனிடம் கழுத்துப்பட்டி இரவல் வாங்கிக் கட்டி, ஒரு வங்கி வாசலில் நின்று படம் எடுத்து அனுப்பினேன். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. அந்தப் படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படகில் உள்ளவர்களுக்கெல்லாம் காட்டினாராம். பெற்றவர் சந்தோசப்படட்டும் என்று செய்ததுதான். இங்கே வந்தவர்களில் அப்படிச் செய்யாதவன் யார்?

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் முதற்தரம் ஊருக்குப் போனேன். அப்பா மேசையில் எனக்கு முன்னால் இருந்தார். தக்காளிச் செடியில் வேலை செய்கிறவனுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தச் சாறு விரலிலும் நகத்திலும் பச்சையும் கறுப்புமாக ஏறிவிடும், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. லீவு எடுத்து நாலு நாள் தேய்த்தும் எனக்குப் போகவில்லை. நான் சோற்றில் கை வைத்தேன். அப்பா என் விரல்களைப் பார்த்தார்.

"உங்கடை கந்தோரிலை இப்ப பச்சை மையோ, தம்பி?" என்றார்.

நான் தலை குனிந்தேன். அவர் மீன் சட்டியை என் பக்கம் தள்ளி, "சாப்பிடு, பாரைக்குட்டி, காலமை வந்தது" என்றார். பிறகு அதைப் பற்றி அவர் சாகும்வரை ஒரு சொல் கேட்கவில்லை. நான் திரும்பி வந்தும் கந்தோர் என்றே எழுதினேன். அவரும் கந்தோர் வேலை எப்படி என்றே எழுதினார்.

7

போன ஞாயிறு, இரண்டு வருடம் முடிந்த நாள், ஏழாவது படத்தை அனுப்பிவிட்டு இருந்தேன். வழமையை விடக் கெதியாக அழைப்பு வந்தது. பின்னால் ட்ராம் சத்தம் இல்லை.

"அப்பா, எனக்கு இஞ்சை நிரந்தர விசா கிடைச்சிட்டுது. வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது."

"நல்லது. சந்தோசம்" என்றேன். உண்மையாகவே சந்தோசம்தான். ஆனால் இரண்டு வருடம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் போனாள். அந்த இரண்டு வருடத்தைத்தான் நான் விளக்குப் போட்டும் அணைத்தும் கழித்தேன்.

"அப்ப, அந்தத் தொட்டியை ஹென்க்குக்குக் குடுத்திடுங்கோவன். உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்."

"என்ன கரைச்சல்? நல்லாத்தானே நிக்குது. படம் பாத்தனியெல்லே?"

தொடர்பு அறுந்துபோனதோ என்று போனைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அப்பா, ரொட்டாலா ஒரு கிழமைக்கு நாலு விரல் வளரும். அந்த ரொட்டாலா ஏழு கிழமையா ஒரே உயரத்திலை நிக்குது."

எனக்குக் காது சுட்டது. கள்ளம் பிடிபட்ட பிள்ளை போல, "உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"ரெண்டாம் கிழமையே."

"பிறகேன் வடிவா இருக்கெண்டு சொன்னனி?"

"வேறை என்னத்தைச் சொல்லுறது?" அவளுடைய குரல் மாறியது. "சொன்னா நீங்கள் படம் அனுப்பிறதை விட்டிடுவீங்கள். படம் வராட்டி நான் என்னத்தைச் சொல்லி உங்களுக்குக் கோல் எடுக்கிறது?"

நான் கதிரையில் இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பக்கத்தில் நான்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்திலும் ஒருத்தி அதே பயத்தோடு பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தெரிந்தும் வடிவாக இருக்கிறது என்று ஐந்து தரம் சொல்லியிருக்கிறாள். நெஞ்சு நிறைந்தது, நொந்தும் போனது. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

"எல்லாம் செத்துப்போச்சு, டிலானி" என்றேன். "கீழ்ப்பாதியை நான் எறியேல்லை. நீ நட்டதெண்டு விட்டனான். எல்லாம் அழுகிப்போச்சு."

"ஓம்" என்றாள். "அப்பிடித்தான் இருக்குமெண்டு நினைச்சனான்." பிறகு, "வீடியோ போடுங்கோ" என்றாள்.

போட்டேன். தொட்டிக்கு முன்னால் போனைப் பிடித்துக் காட்டினேன். "இதிலைதான் ரொட்டாலா நிண்டது. தெரு இந்தப் பக்கம், மூண்டு லொபீலியா மிச்சம் நிக்குது, பாசியைச் சுரண்டினா ஒண்டு பிழைக்கும். லிம்னோபிலா ஒண்டும் இல்லை. நான் இனி ஹென்க்கைக் கேட்டு—"

"அப்பா, தொட்டி போதும்" என்றாள். "கமராவை உங்கடை பக்கம் திருப்புங்கோ."

அதற்குரிய பொத்தான் எது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அழுத்தினேன். என் முகம் மூலையில் சின்னக் கட்டத்தில் வந்தது, நாலு நாள் தாடியோடு. மற்ற முழுவதிலும் அவள். ட்ராமில் இல்லை, ஒரு குசினியில், மேசையில் கையை ஊன்றிக்கொண்டு இருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள். இருவருக்கும் சொல்ல ஒரு செடியின் பெயரும் இல்லை.

"நரைச்சிட்டீங்கள்" என்றாள்.

"ஓம்" என்றேன். இடுப்பு வரை இருந்த அவளுடைய தலைமயிர் காது மட்டத்தில் நின்றது. ஜசிந்தா எண்ணெய் வைத்துப் பின்னிவிடுகிற மயிர்.

"மயிரை எப்ப வெட்டினனி?"

"போன வருசம், அப்பா" என்றாள்.